அண்டாவைக் குடித்தது யார்?

துப்பறியும் தங்கசாமியின் அறைக்குள் அன்று காலையில் முதலில் நுழைந்தது ஒரு பறங்கிக்காய். அதைச் சுமந்துகொண்டு பின்னாலேயே கலியம்மாள் நுழைந்தாள்.

அறை அரியலூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, காபி கிளப்பின் மாடியில் இருந்தது. உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சண்டை நடந்த காலத்தில் தஞ்சாவூர் ஏரோட்ராமில் ஆகாய விமானங்களுக்குப் பெட்ரோல் ஊற்றும் ஸ்டோரில் இருந்த தங்கசாமி, அந்த வேலை முடிந்ததும் ஊர் திரும்பி, 'துப்பறிவாளர்' என்று வாசலில் ஒரு பலகை மாட்டிவிட்டார். பலகையை எழுதியவன் செல்லதுரை. நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். கம்பெனி கலைந்தபோது அவன் பங்குக்கு வந்தது படுதா எழுதுகிற பெயிண்ட் டப்பா ஒன்றுதான். பலகை காய்வதற்குள் அவன் உதவியாளனாகவும் ஆகிவிட்டான்.

"இங்க துப்புக் கண்டுபிடிக்கிறவரு யாரு?" என்று கேட்டாள் கலியம்மாள்.

"கண்டுபிடிக்கிறவரு அவரு. கேள்வி கேக்கறவன் நானு. பறங்கிக்காயை வாங்கி வைக்கிறவனும் நான்தான், கொடுங்கக்கா."

கலியம்மாள் காயைக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "சோலியை முடிங்க, அப்புறம் காயி. நான் பூலாம்பாடி. விடியறதுக்கு முன்னாடி கிளம்பி ரெண்டு பஸ்ஸு மாறி வரேன். ஐப்பசியில என் மவ செல்வம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெரம்பலூர்ல ராசாங்கம் பஸ் கம்பெனியில பெட்ரோல் ஊத்துறவரு. பேரு கண்ணையன். முந்தாநாளு ஆயுத பூசை. நேத்து காலையில அவரு பெட்ரோல் ஊத்தி அனுப்புன பஸ்ஸு ரெண்டும் நடுவழியில நின்னு போச்சு. உள்ள பாத்தா தண்ணியாம்."

"மொதலாளி என்ன சொல்றாரு?" என்று கேட்டார் தங்கசாமி.

"பூசை அன்னிக்கு ஆளில்லாத நேரமாப் பாத்து பெட்ரோலை எடுத்து வித்துட்டான், அளவு குறையாம இருக்கத் தண்ணியை ஊத்தி வச்சிட்டான்னு சொல்றாரு. சாயங்காலம் ஏட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுவாராம்."

செல்லதுரை சீட்டியடித்தான். பெட்ரோல் சர்க்கார் கூப்பனுக்கு மட்டுமே கிடைத்த காலம் அது. திருடி விற்றால் தாலி கட்ட வேண்டியவன் கம்பி எண்ண வேண்டியதுதான்.

"அதனால மாப்பிள்ளை நல்லவருன்னு நாங்க நிரூபிக்கணும். அப்படித்தானே அக்கா?"

"அப்படி நான் சொன்னனா?" கலியம்மாள் சீறினாள். "திருடனா இல்லையான்னு சொல்லுங்க. திருடன்னா கல்யாணத்தை நிறுத்திப்புட்டு வேற எடம் பாக்கறேன். இல்லைன்னா பந்தக்கால் நடறேன். ரெண்டுல ஒன்னு இன்னிக்கே தெரியணும். என் மவ என்னடான்னா, அவரு பூசை அன்னிக்கு ஒரு தப்பும் பண்ணலைன்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்றா. பூலாம்பாடியில இருக்கறவளுக்குப் பெரம்பலூர்ல நடந்தது எப்படித் தெரியும்? ஊரெல்லாம் திருட்டாப் போச்சுங்க. பூசைக்குன்னு அவிச்சு வச்ச சுண்டலை, நான் கோயிலுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள எவனோ பாதிச் சட்டி தின்னுட்டுப் போயிட்டான்."

தங்கசாமி எழுந்தார். மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டார். அது பெண்பிள்ளைக் குடை. வளைந்த பிடியில் சின்னதாக ஒரு பூ செதுக்கியிருக்கும். உலகத்தில் எல்லாவற்றையும் கேலி செய்கிற செல்லதுரை, அந்தக் குடையைப் பற்றி மட்டும் வாய் திறந்ததே இல்லை.

பெரம்பலூருக்குப் போனது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பை மாட்டி, அந்தப் புகையில் இன்ஜினை ஓட்டுவார்கள். மேடு வந்தால் ஆண்கள் எல்லோரும் இறங்க வேண்டும்.

"டிக்கெட்டு உட்கார்ந்து வர்றதுக்கா, நடந்து வர்றதுக்கா?" என்று கண்டக்டரிடம் கேட்டான் செல்லதுரை.

"தள்ளறதுக்கு" என்றார் கண்டக்டர்.

வழியெல்லாம் நின்றுபோன பஸ்களின் பேச்சுதான். ஒரு பஸ் குன்னம் தாண்டி நின்றது. இன்னொன்று சிறுவாச்சூரில் காளி கோயிலுக்கு நேர் எதிரே நின்றது. நேற்று திங்கட்கிழமை, கோயில் திறந்திருக்கும் நாள். கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? ஆத்தாதான் பஸ்ஸை நிறுத்திவிட்டாள் என்று ஆளாளுக்குப் பஸ்ஸின் முன்னால் தேங்காய் உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். டிரைவர் இன்ஜின் மூடியைத் திறக்கப் போனால், "உத்தரவு கேட்டுட்டுத் தொறய்யா" என்று அதட்டினார்களாம்.

ராசாங்கம் பஸ் கம்பெனி என்பது ஒரு பெரிய தகரக் கொட்டகை. வாசலில் பூசைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் இன்னும் வாடி நின்றன. முதலாளி ராசாங்கம் எதிரே வந்தார். பெரிய மீசை, பெரிய குரல், வேஷ்டிக்கு மேல் ஒரு சில்க் சட்டை. வணக்கம் சொல்ல இடது கையை மட்டும் தூக்கினார். பக்கத்தில் போனதும் தைல வாடை குப்பென்று அடித்தது.

"துப்பறியறதுக்கு இதுல என்ன இருக்கு? பம்பைத் தொடறவன் அவன் ஒருத்தன்தான். பூசை அன்னிக்குக் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போனவன், பொழுது சாய்ஞ்சுதான் வந்தான். எங்கடா போனேன்னா வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

கண்ணையன் கவிழ்த்துப் போட்ட டின் ஒன்றின்மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். கலியம்மாளைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தான். முகம் இன்னும் வெளுத்தது.

"எங்க போயிருந்தீங்க கண்ணையன்?" என்று கேட்டார் தங்கசாமி.

அவன் கலியம்மாளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "சொல்ல முடியாதுங்க. ஆனா நான் திருடலைங்க."

"பாத்தீங்களா!" என்று கர்ஜித்தார் ராசாங்கம். கலியம்மாள் பறங்கிக்காயை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பந்தக்கால் தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அந்த நேரத்தில் விளக்குமாறும் கையுமாகக் குறுக்கே வந்தாள் கொட்டகை கூட்டுகிற வீரம்மாள். "போலீசு வர்றப்ப என் பிராதையும் சேத்து எழுதிக்கச் சொல்லுங்க மொதலாளி. என் அண்டாத் தண்ணியை எவன் குடிச்சான்?"

"ஏ, சும்மா போ நீ!"

"ஏன் போவணும்? பூசை அன்னிக்கு வேப்பிலையும் மஞ்சளும் கரைச்சு அண்டா நிறைய வச்சேன். பூசை முடிஞ்சு பஸ்ஸுக்கெல்லாம் தெளிக்கணும்னு போனா, அண்டா அடியில நாலு சொம்பு தேறல. கீழ ஈரங்கூட இல்ல. மாடு குடிச்சாலும் சிந்தும்ல?"

"ரெண்டாவது திருட்டு" என்றான் செல்லதுரை. "அண்ணே, பெட்ரோலாச்சும் விக்கலாம். மஞ்சத் தண்ணியை எவன் வாங்குவான்?"

தங்கசாமி சிரிக்கவில்லை. வீரம்மாளைப் பார்த்து, "அந்த அண்டா எங்கேம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"தோ, பெட்ரோல் பம்புக்குப் பக்கத்துல."

பம்பு ஒரு பெரிய இரும்புத் தொட்டியின் தலையில் உட்கார்ந்திருந்தது. பானை வாய் அகலத்துக்கு ஒரு வட்டமான இரும்புக் கூடு. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. கீழே தொட்டியின் அடிவரை இறங்கும் குழாய். மேலே பஸ்ஸுக்கு ஊற்றுகிற ரப்பர் குழாய். கூடு முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது.

முதலாளி ஓர் அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டு எடுத்துக் காட்டினார். "பூசை அன்னிக்குக் காலையில நானே அளந்து சாக்பீசுல கோடு போட்டேன். இப்பவும் சரியா அந்தக் கோட்டுலதான் நிக்குது. எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தியிருக்கான். சாமர்த்தியம் பாருங்க!"

"நேத்து ரெண்டு பஸ்ஸுக்கும் எவ்வளவு ஊத்துனீங்க?" தங்கசாமி கண்ணையனிடம் கேட்டார்.

"ஆளுக்கு மூணு காலனுங்க. கருக்கல்ல ஊத்தினேன், தண்ணின்னு தெரியல."

"அப்ப நேத்தே ஆறு காலன் வெளிய போயிருக்கு. கோடு இறங்கியிருக்கணுமே? ஏன் இறங்கல?"

ராசாங்கம் மீசையைத் தடவினார்.

"திருடன் தர்மவான் போலிருக்கு" என்றான் செல்லதுரை. "எடுத்ததுக்கு மேலேயே ஊத்தி வச்சிருக்கான்."

"எடுத்தான்னே ஏன் வச்சுக்கணும்?" என்றார் தங்கசாமி மெதுவாக.

சிறுவாச்சூரிலிருந்து மாடு கட்டி இழுத்து வந்த பஸ் கொட்டகையில் நின்றது. தங்கசாமி அதன் இன்ஜினில் பெட்ரோல் வடிந்து வரும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தார். மேலே கொஞ்சம் பெட்ரோல். கீழே தண்ணீர். அதற்கும் கீழே, மஞ்சள் நிறத்தில் ஒரு வண்டல்.

செல்லதுரையின் கண் வீரம்மாளின் அண்டாவுக்குப் போய்த் திரும்பியது. "அண்ணே! அண்டாத் தண்ணியைக் குடிச்சது பஸ்ஸு!"

"குடிச்சது தொட்டி. பஸ்ஸு அப்புறம் குடிச்சது. எப்படி உள்ள போச்சுங்கறதுதான் கேள்வி. தொட்டி மூடிக்குப் பூட்டு இருக்கு, சாவி யார்கிட்ட?"

"அது என் இடுப்புலதான்" என்றார் ராசாங்கம். "பம்புக் கைப்பிடியைப் பூட்டற சங்கிலிக்குத்தான் சாவி ரெண்டு. அவன்கிட்ட ஒன்னு, என்கிட்ட ஒன்னு."

தங்கசாமி ஸ்பானரை வாங்கிப் பம்பின் முகப்பு மூடியைக் கழற்றினார். செல்லதுரை எட்டிப் பார்த்தான். வட்டமான கூட்டுக்குள் அதைவிடச் சின்னதாக ஓர் உருளை. ஆனால் நடுவில் இல்லை; ஒரு பக்கமாக ஒதுங்கி, கூட்டின் சுவரை ஒட்டி நின்றது. அதனால் எதிர்ப்பக்கம் பிறைநிலா வடிவத்தில் ஓர் இடைவெளி. உருளையில் நான்கு பிளவுகள். ஒவ்வொரு பிளவிலும் ஒரு தகடு.

"உருளையை மையத்துல வைக்கத் தெரியாதவன் செஞ்சிருக்கான்" என்றான் செல்லதுரை.

"அதுலதான் சூட்சுமமே. கைப்பிடியைச் சுத்திப் பாரு."

செல்லதுரை மெல்லச் சுற்றினான். பிறைப் பக்கம் வந்ததும் தகடு நாக்கை நீட்டுவது போல வெளியே வந்து சுவரைத் தொட்டது. நெருக்கமான பக்கம் போனதும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

"ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கறது ஒரு சின்ன அறை" என்றார் தங்கசாமி. "அகலமாகறப்ப அந்த அறை பெட்ரோலை உறிஞ்சும். குறுகறப்ப வேற வழியில்லாம அந்தப் பக்க வாசல் வழியா வெளிய தள்ளிடும்."

"நம்ம கரி பஸ்ஸு மாதிரி சொல்லுங்க. ஏறறப்ப இடம் தாராளம். போகப் போக நசுக்கி, இறங்கற வாசல்ல பிதுக்கி வெளிய போட்டுடறாங்க."

"அதேதான். தகடு தேய்ஞ்சாலும் மோசமில்ல. தேய்ஞ்ச அளவுக்கு இன்னும் கொஞ்சம் வெளிய வந்து நிக்கும். இது கையால மெதுவாச் சுத்தறதுனால தகட்டுக்குப் பின்னாடி ஸ்பிரிங் வச்சிருக்கான். ஏரோப்ளேன் இன்ஜின்லயும் இதே பம்புதான். அங்க சுத்தற வேகமே தகட்டை வெளிய வீசிடும். ராட்டினத்துல உக்காந்தா வெளிப்பக்கமாத் தள்ளுதே, அந்த மாதிரி. கடலை எண்ணெய் மில்லுல பீப்பாய்க்கு எண்ணெய் ஏத்தறதுக்கும் இதை வச்சிருக்கான். மண்ணு, தூசி மட்டும் இதுக்கு ஆகாது."

சொல்லிக்கொண்டே ஒரு தகட்டை உருவினார். அதன் பிளவில் ஏதோ பச்சையாக நசுங்கிக் கிடந்தது. விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். வேப்பிலை.

"தொட்டிக்குள்ள வேப்ப மரமா இருக்கு?" என்றான் செல்லதுரை.

"தொட்டிக் குழாயோட அடியில சல்லடை இருக்கு. அந்தப் பக்கத்திலேருந்து இலை வர முடியாது. கண்ணையன், சல்லடைக்கு மேல ஒரு வால்வு இருக்கணுமே, திரும்பி இறங்காம தடுக்கறதுக்கு?"

"அது சண்டைக் காலத்துலயே உடைஞ்சு போச்சுங்க. புதுசு கிடைக்கல. அது இல்லாமலேதான் ஓட்டறோம்."

தங்கசாமியின் முகம் மலர்ந்தது. கூட்டின்மேல் அப்பியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளேயிருந்து ஓர் அம்புக்குறி எட்டிப் பார்த்தது. அது இடப்பக்கமாகச் சுற்றச் சொன்னது.

அவர் செல்லதுரையைத் தனியே கூப்பிட்டு, "பம்பை மூடி, தொட்டியிலேருந்து எடுத்து, அதோ அந்தக் காலிப் பீப்பாய் மேல மாட்டு. வீரம்மாள்கிட்டச் சொல்லி அண்டாவுல மறுபடியும் மஞ்சள் கரைக்கச் சொல்லு" என்றார்.

"திருடனைப் பிடிக்கவா அண்ணே, திருஷ்டி கழிக்கவா?"

"ரெண்டும் ஒரே ஆளுக்குத்தான்."

சாயங்காலம் ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். கண்ணையன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு புறப்படத் தயாராக நின்றான். கலியம்மாள் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம் ஏட்டய்யா" என்றார் தங்கசாமி. பிறகு ராசாங்கத்திடம் திரும்பி, "மொதலாளி, போறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. இவ்வளவு பக்தியா ஆயுத பூசை பண்ற கம்பெனியை நான் பாத்ததில்லை. பம்புக்கு எப்படிப் பூசை போட்டீங்கன்னு ஒரு தடவை காட்டுங்களேன்" என்றார்.

பக்தி என்ற சொல் போதுமானதாக இருந்தது. ராசாங்கத்தின் மீசை நிமிர்ந்தது. "பம்பை ஏன் பீப்பாய் மேல வச்சிருக்கீங்க?"

"தொட்டியை ஏட்டய்யா சோதிக்கணும்ல. சாமிக்குப் பம்புதானே முக்கியம்?"

"ஆமாமா. பாருங்க, முதல்ல சந்தனம் குங்குமம். தள்ளி அங்க கற்பூரம். பெட்ரோல் சமாசாரம், ஜாக்கிரதையா இருக்கணும்ல? குழாயிலேருந்து ஒரு சொட்டுக்கூட வெளிய சிந்தக் கூடாதுன்னு குழாய் வாயை இந்த அண்டாத் தண்ணிக்குள்ள முக்கி வச்சேன். குழாயும் சுத்தமான மாதிரி ஆச்சு." அவர் ரப்பர் குழாயை அண்டாவில் முக்கினார். "அப்புறம் பம்பை ஓட்டணும். பூசை முடிஞ்சா எந்த மெஷினையும் ஒரு தடவை ஓட்டணுமே. புது ரூட்டுக்கு பர்மிட்டு கிடைக்கணும்னு நூத்தியெட்டு சுத்து வேண்டிக்கிட்டேன்."

"எந்தப் பக்கமாச் சுத்துனீங்க?"

ராசாங்கம் அவரை விநோதமாகப் பார்த்தார். "இது என்ன கேள்வி? சாமி காரியத்துல இடமாவா சுத்துவாங்க? வலமாத்தான். வலமாச் சுத்தினா பெட்ரோலும் வராது. சாமிக்குச் சாமியும் ஆச்சு, சிக்கனத்துக்குச் சிக்கனமும் ஆச்சு."

"சுத்துங்க மொதலாளி."

ராசாங்கம் வலது கையைத் தூக்கி, "அம்மா!" என்று முனகி, தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு இடது கையால் கைப்பிடியை வலமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று. காலிப் பீப்பாய்க்குள் 'சளக்' என்று ஒரு சத்தம். பிறகு 'சளக் சளக்' என்று தாளம் போட்டது. வீரம்மாள் அண்டாவைக் குனிந்து பார்த்து விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"அய்யய்யோ, குடிக்குது பாருங்க! உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்குது!"

அண்டாவில் மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. செல்லதுரைக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மாற்றிச் சுற்றினால் இறங்குகிற வாசல் ஏறுகிற வாசலாகிவிடும்! நாக்கு நீட்டும் தகடுகளுக்குச் சாமியும் தெரியாது, சிக்கனமும் தெரியாது. எந்தப் பக்கம் அறை அகலமாகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து உறிஞ்சும், அவ்வளவுதான். நூற்றெட்டு சுற்றில் அண்டா முழுவதையும் தொட்டிக்குள் அனுப்பியவர், திருடனைப் பிடிக்க ஏட்டையும் அவரே வரவழைத்திருக்கிறார்.

ராசாங்கத்தின் கை நின்றது. பீப்பாயைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மீசை தானாகக் கீழே இறங்கியது.

"பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடத் திருடு போகல" என்றார் தங்கசாமி. "தண்ணி கனம், அடியில தங்கிடுச்சு. குழாயும் அடியிலேருந்துதான் உறிஞ்சுது. அதனால நேத்து பஸ்ஸுக்கு முதல்ல போனது உங்க மஞ்சத் தண்ணி. காலையில ஒரு கையால வணக்கம் சொன்னீங்களே, அப்பவே நினைச்சேன், இந்தத் தோளு எதையோ ரொம்ப நேரம் சுத்தியிருக்குன்னு."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப நான் யாரைங்க கூட்டிட்டுப் போறது?"

"மொதலாளியைக் கூட்டிட்டுப் போங்க" என்றான் செல்லதுரை. "மஞ்சத் தண்ணி திருடினாருன்னு பிராது இருக்கு. சாட்சி வீரம்மாள்."

முதலில் சிரித்தவள் வீரம்மாள். அப்புறம் ஏட்டு. கடைசியில் ராசாங்கமே சிரித்துவிட்டார். தோள் வலியோடு கண்ணையனிடம் போய், "தப்பா நினைச்சிட்டேன்பா. உன் கல்யாணத்துக்கு என் பஸ்ஸு ரெண்டும் வரும்" என்றார்.

"பெட்ரோல்லதானே மொதலாளி?" என்றான் செல்லதுரை.

கலியம்மாள் வந்து பறங்கிக்காயைத் தங்கசாமியின் கையில் வைத்தாள். பந்தக்கால் நிச்சயமாகிவிட்டது. ஆனால் நகரவில்லை. மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாம் சரிதான். அப்ப பூசை அன்னிக்கு இவரு எங்க போயிருந்தாரு?"

கண்ணையனின் காது இரண்டும் சிவந்தன. செல்லதுரை அவனையே பார்த்தான். காலையில் போய்ப் பொழுது சாய்ந்து வந்த சைக்கிள். பெரம்பலூரில் நடக்காததற்குப் பூலாம்பாடியில் கற்பூரம் அணைத்த பெண். பாதி காலியான சட்டி. துப்பறிவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. வாயைத் திறந்தான்.

தங்கசாமியின் குடை நுனி அவன் கால் கட்டைவிரல்மேல் மெல்ல வந்து நின்றது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"சின்னஞ்சிறுசு, எங்கேயாச்சும் சாமி கும்பிடப் போயிருக்கும்மா" என்றார் தங்கசாமி. குடைப் பிடியிலிருந்த பூவின்மேல் அவர் விரல் ஒரு கணம் தங்கியது. "நல்ல நாள்ல எல்லாரும் போற இடம்தானே?"

கலியம்மாள் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அது போவட்டும். என் வூட்டுச் சுண்டலைத் தின்னவன் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்களேன். இன்னொரு பறங்கிக்காய் தரேன்."

"அது ரொம்பக் கஷ்டமான கேஸ் அக்கா" என்றான் செல்லதுரை. "கல்யாணம் முடியட்டும். திருடன் தானா வந்து மீதிச் சட்டியையும் காலி பண்ணிடுவான்."